மூன்றாம் மாடிக்கு முதலில் தெரியும்

எங்கள் வீட்டு ரீவியில் பந்து இன்னும்
வீசுபவனின் கையில்தான் இருக்கிறது.
மூன்றாம் மாடியில் அது
ஆறு ஓட்டம் ஆகிவிட்டது.

நிசங்க ஐயா வீட்டில் பழைய அன்ரெனா.
எங்களுக்கு மாதக் காசு கட்டுகிற டிஷ்.
காசு கட்டினால் செய்தி நான்கு விநாடி பிந்தி வரும்.
விளங்கப்படுத்த வந்த பெடியன்
படம் வானத்துக்குப் போய்த் திரும்புகிற தூரத்தைச் சொன்னான்.
நான் 155ஆம் நம்பர் பஸ்ஸை நினைத்துக்கொண்டேன்.

நான் ரசிகை இல்லை.
தாலி கட்டும்போது வராமல்
பந்திக்கு மட்டும் வருகிற ஆளைப்போல
இறுதியாட்டத்துக்கு வந்து கதிரை தேடுகிறவள்.
ஒஃப்சைட் என்றால் என்னவென்று
நான்கு உலகக் கிண்ணமாகக் கேட்கிறேன்.
நான்கு முறையும் தயாபரன்
சீனிப்போத்தலையும் உப்புப்போத்தலையும்
மேசையில் நகர்த்தி நகர்த்திக் காட்டினார்.
உப்பு எங்கே நிற்கவேண்டும் என்று இன்னும் தெரியாது.
குசினியில் என்றுதான் நினைக்கிறேன்.

ஒலிம்பிக் வந்தால் இரண்டு கிழமைக்கு
நான் நீர்ப்பாய்ச்சல் நடுவர்.
"தண்ணி கூடத் தெறிச்சிட்டுது, மார்க் வெட்டுவினம்" என்பேன்,
நீந்தத் தெரியாமல்,
வெள்ளவத்தைக் கடலைப் பல்கனியிலிருந்து
தினமும் பார்க்கிற உரிமையில்.

இருபத்தாறு வருஷம் வங்கியில், கணக்குப் பகுதியில்.
மழை பெய்தால் இலக்கை மாற்றுகிற
அந்த ஒரு கணக்குத்தான் பிடிபடவில்லை.
மழை பெய்ததற்காகக்
கடனைக் குறைத்த வங்கியை
நான் கண்டதில்லை.

எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.
அலுவலகத்தில் கேட்டால் ஒரு பதில்.
லண்டனிலிருந்து தம்பி கேட்டால் ஒரு பதில்.
லிஃப்டுக்குள் கேட்டால்
கரண்ட் பில்லைப் பற்றிக் கதைப்பேன்.

உண்மையைச் சொன்னால்
நான் தார்ப்பாய் இழுக்கிறவர்களின் பக்கம்.
கெத்தாராமவில் மழை இறங்கினால்
நூறு பேர் வெறுங்காலோடு ஓடி வருவார்கள்.
முதுகில் பேர் இல்லை, நம்பர் இல்லை.
திடல் முழுவதையும்
சாவீட்டுக்கு வந்த சனத்துக்குப் பாய் விரிப்பதுபோல
மளமளவென்று மூடிவிடுவார்கள்.
ஒருநாளும் தோற்றதில்லை.
அவர்கள் வந்தவுடன்தான் விளம்பரம் போடுவான்:
பிஸ்கற், சீமெந்து, திரும்பவும் பிஸ்கற்.

வென்றால் வெடி.
கீழே ஃபஸ்லானின் கொத்துக்கடைத் தகடு
யார் வென்றாலும் அதே தாளம்.
வெடிச் சத்தம் கேட்டதும் நான்
யன்னலை விட்டு ஓரடி பின்னால் போவேன்.
பிறகுதான் ஸ்கோர் கேட்பேன்.
என் கால்களுக்குச் செய்தி
இன்னும் டிஷ்ஷில்தான் வருகிறது.

நேற்றுக் கடைசி ஓவர்.
நான் பார்த்தால் ஆள் அவுட் என்று
இந்த வீட்டில் ஒரு தீர்ப்பு இருக்கிறது,
மேன்முறையீடு கிடையாது.
ஆகவே பல்கனி.
தூரத்தில் துறைமுகத்துக்குள் போக இடம் கிடைக்காமல்
ஒரு கப்பல் விளக்கோடு நின்றது.
அதற்கும் ஸ்கோர் தெரியாது.

ஒரு பந்து. நான்கு ஓட்டம்.

மூன்றாம் மாடியில் சத்தம் இல்லை.
பிறகு ஒரு கதிரையைப் பின்னால் தள்ளுகிற ஒலி,
நிசங்க ஐயாவின் இருமல்.

உள்ளே திரும்பிப் பார்த்தேன்.
தயாபரன் கதிரை நுனியில்.
அபிராஜ் குஷனைக் கடித்தபடி.
திரையில் அவன் இன்னும் ஓடி வந்துகொண்டிருந்தான்,
பந்து கையில்,
இரண்டு பேரின் முகத்திலும்
அந்த வெளிச்சம்.

நான் வாய் திறக்கவில்லை.
குசினிக்குப் போய்க் கேத்தலை வைத்தேன்.
இரண்டு கோப்பைக்கும்
சீனி ஒரு கரண்டி கூட.